ஒளிப் பாடம் முடியும்வரை

என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரை நான் முதன்முதலாகப் பார்த்தது தலைகீழாக. கால் மேலே, தலை கீழே. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் பார்த்தேன். என்னோடு சேர்ந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். கல்லூரியில் இயற்பியல் படித்தபோது எனக்கு அதில் பெரிய பிரியம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பாஸ் பண்ணினேன், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கும் ஒரு காரியம் நன்றாக வரும் என்று தெரிந்தது. அதுவரை வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லும்படியாக இருந்த ஒரே விஷயம், நான் ரசம் வைத்தால் யாரும் சாப்பிட மாட்டார்கள் என்பது. காலையில் பள்ளிக்கூடம் போவதற்குப் பிள்ளைகளைவிட நான்தான் அவசரப்படுவேன்.

பொங்கல் லீவு முடிந்து வந்ததும் ஒளிப் பாடம். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். அதன் கீழே மெழுகுவர்த்தி, ஓட்டை போட்ட அட்டைகள், ஒரு கண். எனக்கு முன்னால் நடத்தியவர்கள் அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, பிள்ளைகளையும் வரைய வைத்து, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளும் மெழுகுவர்த்திக்கு அழகாக மஞ்சள் கலர் அடித்து வைத்திருப்பார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை ஏட்டிலேயே எழுதி மனப்பாடம் பண்ணுகிற பள்ளிக்கூடம் அது. எனக்கு அது ஆகாது.

பள்ளிக்கூடத்தின் தெற்கு மூலையில் ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை இருந்தது. கிறிஸ்துமஸ் நாடகத்துக்குச் செய்த மரத் தொட்டி, கால் ஒடிந்த பெஞ்சுகள், எலி கடித்த மேப்புகள். தகரக் கதவு. பழைய பூட்டைப் பெயர்த்த இடத்தில் கதவில் ஒரு துவாரம். அட்டை ஒட்டி அந்தத் துவாரத்தைச் சுண்டுவிரல் அளவுக்குக் குறைத்தேன். கதவடியில் சாக்கைச் சுருட்டி வைத்தேன். அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை இரண்டு பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நின்று திரை மாதிரிப் பிடித்துக்கொண்டார்கள். காற்றுக்குக் கதவு திறந்துகொண்டால் இருட்டு போய்விடும் என்று, ஒரு பெரிய பிள்ளையை வெளியே நிறுத்தி, கொண்டியைப் போடச் சொன்னேன். அவள் போட்டாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. யாரோ யாரையோ கிள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் இருட்டு கண்ணுக்குப் பழகியது. அப்போது வேட்டியில் எங்கள் பள்ளிக்கூட முற்றம் விழுந்திருப்பதைப் பிள்ளைகள் கண்டார்கள். வானம் கீழே கிடந்தது. தரை மேலே இருந்தது. வேப்பமரம் தரையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கி அசைந்தது. பச்சை பச்சையாக, அசல் நிறத்தில். யாரும் வரையவில்லை, யாரும் கலர் அடிக்கவில்லை. ஒரு பிள்ளை பயந்துபோய் ஜெபம் பண்ண ஆரம்பித்தாள்.

"பயப்படாதீங்கட்டி. வெளிச்சத்துக்கு நேராப் போகத்தான் தெரியும், வளையத் தெரியாது. மரத்து உச்சியில இருந்து வாரது இந்த ஓட்டையில நுழைஞ்சி நேராக் கீழ போயிருது. அடியில இருந்து வாரது நேரா மேல போயிருது. அதான் தலைகீழ்" என்று சொன்னேன்.

"அப்ப நம்ம பார்வதான டீச்சர் அந்த ஓட்ட வழியா வெளிய போயி மரத்தப் பாக்குது?"

கடைசி பெஞ்சுக் குரல் அது. இளையரசனேந்தல் பக்கம், மழையை நம்பி விதைக்கிற ஊர் ஒன்றிலிருந்து வந்து போர்டிங்கில் தங்கிப் படித்த பிள்ளை. வீட்டில் ஆடுகள். எந்தப் பாடம் நடத்தினாலும் கடைசியில் அவள் ஒரு வார்த்தை சொல்லுவாள்: "புரியல டீச்சர்." மற்ற பிள்ளைகள் புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவார்கள். அவளுக்கு அந்தத் தந்திரம் தெரியாது. இரண்டு வருடமாக அவளால் எனக்குத் தலைவலி.

"இல்லட்டி. நம்ம கண்ணுல இருந்து ஒண்ணும் போகல. வெளிச்சம்தான் உள்ள வருது."

"புரியல டீச்சர்."

நான் மறுபடி தொடங்குவதற்குள் பிள்ளைகள் ஓவென்று சத்தம் போட்டார்கள். வேட்டியின் மேல்பக்கத்திலிருந்து மூன்று பேர் தலைகீழாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள், பல்லி மோட்டுவளையில் ஊர்கிற மாதிரி. ஒருவர் குடை வைத்திருந்தார். அந்தக் குடையை எனக்குத் தெரியும். அது அப்பாவின் குடை. பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய தடித்த அம்மாள். அவர்களுக்குப் பின்னால் பேண்ட் போட்ட ஒல்லியான ஆள்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க முறையாக வீட்டுக்கு வருவதற்கு முன்னால், பெண்ணுக்குத் தெரியாமல் ஒரு தடவை பார்த்துவிடுவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்துப் பார்ப்பார்கள். எங்கள் வேதக்கார வீடுகளில் சர்ச்சுக்குக் கோயில் என்றுதான் பெயர். வேலை பார்க்கிற பெண்ணாக இருந்தால் வேலை பார்க்கிற இடத்துக்கே வந்துவிடுவார்கள். வடக்கே ரயில்வேயில் இருக்கிற ஒரு மாப்பிள்ளையைப் பற்றி வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு இருந்தது. பேச்சுத்தானே என்று நான் விட்டிருந்தேன்.

வெளியே ஓடிவிடலாம் என்றால் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கிறது. கொண்டி போட்ட பெரிய பிள்ளையைக் கூப்பிட்டேன். ஆளைக் காணோம். வந்தவர்களைக் கண்டதும் தலைமையாசிரியையிடம் சொல்ல ஓடியிருக்கிறாள். அந்த மூவரும் சரியாக எங்கள் கதவுக்கு நேரே வந்து வெயிலில் நின்றார்கள். படம் பேசாது, ஆனால் தகரக் கதவு பேசும். ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே கேட்டது.

"அங்கன குவார்ட்டர்ஸ்ல இவன் தனியாக் கெடக்கான். ஆக்கிப்போட ஒரு ஆளு வேணும்லா" என்றாள் தலைகீழ் அம்மாள்.

"கல்யாணத்தோட வேலைய விட்டுருவா. அதப்பத்தி ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றார் அப்பா.

"எப்ப வச்சிக்கிடலாம்?"

"லெந்துக்கு முன்னால முடிச்சிரணும். அடுத்த வாரமே ஓலைக்குக் குடுத்துருதேன்."

பிள்ளைகள் எல்லாரும் வேட்டியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். இருட்டில் தெரியவில்லை, ஆனால் தெரிந்தது. நான் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒல்லி ஆளிடம் ஒரு குறையைத் தேடினேன். நடையில் ஒரு அகங்காரம், கையில் ஒரு சிகரெட், முகத்தில் ஒரு சிடுசிடுப்பு, ஏதாவது ஒன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாடிய பந்து அவர் காலடிக்கு வந்தது. அவர் குனிந்து எடுத்து மெதுவாக உருட்டிவிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு விறகு தூக்கி வந்த பெண்ணுக்கு ஒதுங்கி வழிவிட்டார். தன் அம்மா பேசும்போது குறுக்கே பேசவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஓடிப்போன பெரிய பிள்ளை வந்து கதவைத் திறந்தாள். வெளியே வந்த எனக்குக் கண் கூசி எல்லாம் வெள்ளையாகப் போய்விட்டது. அவர்கள் மூன்று பேரும் என்னை நிதானமாகப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அவர்கள் தெரியவே இல்லை. கண் தெளிந்தபோது அவர்கள் கேட்டைத் தாண்டியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் சாமானை உருட்டினேன். அப்பா அமைதியாகக் கேட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"மாப்பிள்ளட்ட என்ன கொற? ஒரே ஒரு கொற சொல்லு. இன்னைக்கே நிறுத்திருதேன்."

"எனக்கு வேலை பாக்கணும்பா."

"அது கொறயா? நான் மாப்பிள்ளட்ட உள்ள கொறயக் கேக்கேன்."

அவரிடம் ஒரு குறையும் இல்லை. அதுதான் என் தலையெழுத்து. குடிகாரனாக இருந்தால் அழுது தப்பித்திருப்பேன். கிழவனாக இருந்தால் ஊரே எனக்காகப் பேசியிருக்கும். நல்ல மனிதர், நல்ல வேலை, நல்ல குடும்பம். மூன்று பக்கமும் நல்லதாகவே கட்டி அடைத்து, நாலாவது பக்கத்தில் அப்பா அன்பாக உட்கார்ந்திருந்தார். எந்தப் பக்கம் மோதுவது? அம்மா வந்து, "எல்லாப் பொட்டப்பிள்ளைக்கும் முதல்ல இப்படித்தான் இருக்கும்" என்று தலையைத் தடவிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அழக்கூட எனக்கு இடமில்லாமல் போனது.

ஓலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை நடுவே ஐயர் எழுந்து, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று வாசிப்பார். பாதிரியாரை ஐயர் என்பது எங்கள் வழக்கம். வாசித்துவிட்டு, இதற்குத் தடை இருக்கிறது என்று தெரிந்த யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள் என்று கேட்பார். அது சும்மா கேட்கிற கேள்வி. ஐயர் கேட்டுவிட்டு ஒரு தடவை தொண்டையைச் செருமுவார், சபை முழங்காலைச் சொறியும், அடுத்த பாட்டு தொடங்கிவிடும். என் ஆயுசில் யாரும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாற்பது நாளும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் மூன்று ஓலையும் நெருக்கி வாசித்து, லெந்து தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம் என்று அப்பா கணக்குப் பண்ணியிருந்தார். ஒரு ஞாயிறு தவறினால் எல்லாம் ஈஸ்டர் தாண்டிப் போய்விடும்.

முதல் ஓலை ஒழுங்காக முடிந்தது. நான் முக்காட்டுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பெயர் வாசிக்கப்பட்ட பெண் பாதிக் கல்யாணம் ஆனவள். அதற்குமேல் கல்யாணம் நின்றால், அவளிடம்தான் ஏதோ இருக்கிறது என்பார்கள்.

இரண்டாவது ஞாயிறு. போர்டிங் பிள்ளைகள் எப்போதும் முன்னால் தரையில் வரிசையாக உட்காருவார்கள். ஐயர் ஓலையை வாசித்தார். தடை இருந்தால் சொல்லலாம் என்றார். தொண்டையைச் செருமினார்.

"எனக்கு இருக்கு" என்று ஒரு சத்தம்.

முன் வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். என் கடைசி பெஞ்சுப் பிள்ளை. வகுப்பில் கையைத் தூக்குகிற மாதிரியே கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

கோயில் முழுக்கச் சிரிப்பு. போர்டிங் அம்மாள் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். ஐயரும் சிரித்துவிட்டு, பாட்டு நம்பரைச் சொல்ல வாயெடுத்தார். அத்தோடு போயிருக்கும். ஆனால் ஆண்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். கோயில் கமிட்டிச் செயலர் எலெக்ஷனில் அப்பாவிடம் தோற்றுப்போனவர். இரண்டு பேரும் ஒரே சந்தில் குடியிருந்து, ஒருத்தர் வருவதைக் கண்டால் மற்றவர் திரும்பிப் போகிற ரகம்.

"சபையில எந்திரிச்சிச் சொன்ன தடை தடைதான் ஐயா. விசாரிக்காமத் தாண்டிப்போக முடியாது."

"சின்னப்பிள்ள ஏதோ சொல்லுது. நீரு என்ன வே..." என்றார் அப்பா.

"ஞானஸ்நானம் எடுத்த பிள்ளையா இல்லையா? செயலர் வீட்டுக் கல்யாணம்னா சட்டம் வேறயோ?"

ஐயர் ஊருக்குப் புதிது. எந்தக் கட்சியிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயத்தில் எல்லாவற்றையும் சட்டப்படி செய்கிறவர். ஆராதனை முடிந்ததும் எங்கள் எல்லாரையும் உள்ளறைக்குக் கூப்பிட்டார். அப்பா, அந்தப் பெரியவர், நான், அந்தப் பிள்ளை. அவள் கொஞ்சமும் பயப்படவில்லை. கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னோம், அதில் என்ன தப்பு என்கிற முகம்.

"என்ன தடை மக்கா? சொல்லு."

"டீச்சர் நடத்துத பாடம் இன்னும் முடியல ஐயா. கண்ணுக்கு வெளிச்சம் எங்கருந்து வருதுன்னு எனக்கு இன்னும் புரியல. டீச்சர் போயிட்டாங்கன்னா யாரு சொல்லுவா?"

அப்பா நெற்றியில் கை வைத்தார். ஐயர் என் பக்கம் திரும்பி, பாடம் முடியவில்லையா என்று கேட்டார். என்னை யாரும் கல்யாணத்தைப் பற்றி அதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. இதுவும் கல்யாணத்தைப் பற்றிய கேள்வி இல்லைதான். ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல ஐயா. நெறைய இருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் அந்தப் பெரியவர்தான். மேலிடத்துக்கு எழுதிக் கேட்காமல் இந்த ஓலை செல்லாது என்று பிடித்த பிடியை அவர் விடவில்லை. என்மேல் அவருக்கு ஒரு அக்கறையும் கிடையாது, அப்பாவின் முகம் கோணுவதைப் பார்க்க வேண்டும். கடைசியில் ஐயர் இன்றைய ஓலையைக் கணக்கில் எடுப்பதில்லை, ஈஸ்டர் கழித்து முதலிலிருந்து வாசித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு, பிள்ளையின் தலையில் கை வைத்து, பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளைகளிடம் விளையாட்டாகப் பேசுகிற தோரணையில், "போதுமா? ஒனக்குப் புரியுத வரைக்கும் டீச்சர் எங்கயும் போக மாட்டாங்க" என்றார். அவர் மறுநாளே அதை மறந்திருப்பார். அவள் மறக்கவில்லை.

அப்பா பஸ் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் கோபப்பட்டு உறவை முறித்துக்கொள்வார்கள் என்று நான் கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். "பிள்ளைங்க படிப்பு முடியட்டும், நான் மே மாசம் மறுபடி லீவு போட்டு வாரேன்னு சொல்லிட்டாரு. என்ன கொணம் பாத்தியா!" என்றார் அப்பா. பார்த்தேன். அந்த நல்ல குணத்தை உலக்கையால் இடிக்க வேண்டும்போல் இருந்தது.

அன்றிலிருந்து ஏழாம் வகுப்பில் நான் ஒளியைத் தவிர வேறு எதையும் நடத்தவில்லை. காந்தம் காத்திருந்தது, ஒலி காத்திருந்தது. கண்ணாடியை வைத்து வெயிலைச் சுவரில் ஓடவிட்டோம். கிண்ணத்தில் காசைப் போட்டு, காசு மறைகிற வரை பின்னால் நகர்ந்து நின்று, தண்ணீர் ஊற்றினால் காசு மேலே வந்து எட்டிப் பார்ப்பதைப் பார்த்தோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவை ஊற்ற வேண்டும் என்றேன். கோயிலில் உடைந்துபோன சரவிளக்கின் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, சுவரில் ஏழு நிறம் காட்டினேன். டஸ்டரைத் தட்டி, சுண்ணாம்புத் தூசியில் வெயில் கம்பி மாதிரி நேராக நிற்பதைக் காட்டினேன். தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "இன்னுமா ஒளி?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

மற்ற பிள்ளைகளுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. சனியன்கள், புத்திசாலிகள். அவள் ஒருத்திதான் மிச்சம். பாடம் முடிந்ததும் எல்லாரையும் விட்டுவிட்டு அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். "புரியல டீச்சர்" என்பாள். ஒரு காலத்தில் தலைவலியாக இருந்த வார்த்தை. இப்போது அதைக் கேட்டால்தான் எனக்கு ராத்திரி சோறு இறங்கியது.

அவளுடைய புரியாமை சும்மா மந்தம் இல்லை. அதற்குள் ஒரு பிடிவாதமான நியாயம் இருந்தது. பார்வை என்பது கண்ணிலிருந்து புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று அவள் நம்பினாள்.

"கண்ணுல இருந்து ஒண்ணும் போகலன்னா, கண்ணு படுதுங்காங்களே டீச்சர், அது எப்படிப் படும்?"

வேதக்கார வீடுகளில் திருஷ்டி கிடையாது என்று பேர்தான். பிள்ளை கன்னத்தில் மை வைக்காத வீடு எங்கள் தெருவிலேயே இல்லை. ஒரு கண்ணால் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரும் என்றால், அந்தக் கண்ணிலிருந்து ஏதோ புறப்பட்டுத்தானே ஆக வேண்டும்? அவள் கேட்டது சரி. இன்னொரு நாள் வேறொன்றோடு வந்தாள்.

"ராத்திரி ஆட்டுக் கெடைக்கு டார்ச்சு எடுத்துட்டுப் போனா, ஆட்டுக் கண்ணெல்லாம் மினுமினுங்கும் டீச்சர். அதுக்குள்ள வெளிச்சம் இருக்கத்தான செய்யுது?"

அது வெளியிலிருந்து போய்த் திரும்புகிற வெளிச்சம் என்று சொன்னேன். "புரியல டீச்சர்." நான் அவளை வேண்டுமென்றே குழப்பினேன் என்று நினைத்துவிடாதீர்கள். குழப்பியிருக்கலாம், சுலபம். ஆனால் எனக்கு மெதுவாக நடத்தத்தான் வந்தது, தப்பாக நடத்த வரவில்லை. மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு முறையும் உண்மையாகத்தான் மல்லுக்கட்டினேன். அவளுக்குப் புரிய வேண்டும் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, புரிந்துவிடக் கூடாது ஆண்டவரே என்று வீட்டில் ஜெபம் பண்ணினேன். ஆண்டவருக்கு என்னோடு பெரிய பாடாக இருந்திருக்கும்.

ஈஸ்டர் வந்தது, போனது. முழுப் பரீட்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. வீட்டில் ஜவுளி எடுத்தாகிவிட்டது. அம்மா எனக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்து, நான்கு நாள் தொடர்ந்து எல்லாரும் சாப்பிட்டும் விட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் முதல் ஓலை. முந்தின நாள் சனிக்கிழமை, நோட்டுத் திருத்த வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு, ஆளில்லாத வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவளுக்குப் புரியவில்லை. ஐயர் நாளைக்குக் கேட்பார். அவள் எழுந்து நிற்பாள். அந்தப் பெரியவர் உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறார், அவரும் எழுந்திருப்பார். அதற்கப்புறம் கோடை லீவு, மாப்பிள்ளையின் லீவு முடிந்துவிடும், எத்தனை தடவை அந்த அம்மாள் பொறுப்பாள்? ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மண்டையை நம்பி என் வாழ்க்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எனக்குக் கேவலமாகத் தோன்றவில்லை. வேறு யாரையும் நம்பும்படி இல்லை.

உச்சி வெயில் நேரம். போர்டிங் கிணற்றடியிலிருந்து கத்தல்.

"டீச்சர்! டீச்சர்! இங்கன ஓடி வாங்க!"

யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பதறி ஓடினேன். அவள்தான். கிணற்றுச் சுவரில் வயிற்றைக் கவிழ்த்துக்கொண்டு, கால் தரையில் படாமல், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாளி டீச்சர்! வாளி கெடக்கு!"

மார்கழியில் அவள் தவறவிட்ட வாளி. அதற்காக அடி வாங்கினாள் என்று கேள்வி. பாதாளக் கரண்டியைக் கயிற்றில் இறக்கித் துழாவோ துழாவென்று துழாவியும் அகப்படாமல் கைவிட்டிருந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். எங்கள் ஊரில் சித்திரை பிறக்கிற சமயம் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நம் நிழல் நம் காலுக்கடியிலேயே கிடக்கும். அந்தக் கொஞ்ச நேரம் வெயில் எங்கும் இடிக்காமல் கிணற்றின் அடி வரைக்கும் நேராக இறங்கியிருந்தது. குறைந்துபோன தண்ணீருக்கடியில், சேற்றில் சாய்ந்து, வாளி பளிச்சென்று தெரிந்தது. பிடியில் கட்டியிருந்த கயிற்று முடிச்சுகூடத் தெரிந்தது.

அவள் இறங்கி நின்றாள். என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"காலையில தண்ணி எறைக்கையில எட்டிப் பாத்தேன் டீச்சர். ஒண்ணுந் தெரியல. தினம் பாக்கேன். நல்லா முழிச்சி முழிச்சிப் பாக்கேன், தெரியாது. இப்பவும் அதே கண்ணுதான்." அவள் நெற்றி சுருங்கியது. "கண்ணுல இருந்து போயித் தொடுததா இருந்தா, காலையிலயே போயித் தொட்டிருக்கணும்லா?"

அவள் கிணற்றுக்குள் கையை நீட்டிக் காட்டினாள்.

"வெயிலு உள்ள போகுது. போயி வாளியில படுது. பட்டு மேல ஏறி வருது. என் கண்ணு சும்மாதான் இருக்கு டீச்சர். வாரத வாங்கிக்கிடுது, அம்புட்டுத்தான்."

இரண்டு வருடமாகப் பலகையில் நான் எழுதியது எதுவும் இவ்வளவு சுத்தமாக இல்லை. டீச்சர் ஆனவள் அந்த இடத்தில் அவளைத் தூக்கிச் சுற்றியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. ஒரு கடைசி ஆசையில் கேட்டேன். பரிசோதிக்கத்தான் கேட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"அப்ப ஆட்டுக் கண்ணு?"

அவள் யோசிக்கக்கூட இல்லை.

"அது டார்ச்சு வெளிச்சம் போயிட்டுத் திரும்பி வாரதுல்லா டீச்சர். டார்ச்ச அணச்சிட்டா ஆட்டுக் கண்ணும் அணஞ்சிரும். நான்தான் எத்தன நாளு பாத்திருக்கேன்!"

அதன் பிறகுதான் அவளுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. ஏழு வருடப் படிப்பில் அவள் ஒரு தடவைகூடச் சொல்லியிராத வார்த்தையைச் சொன்னாள்.

"புரிஞ்சிருச்சி டீச்சர்!"

குதித்தாள். கிணற்றைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. எனக்கு நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறோம், இத்தனை நாளாகத் தன்னால் காத்துக் கிடந்த டீச்சரை இன்றைக்கு விடுவிக்கிறோம் என்று அவள் கண் முழுக்கச் சந்தோஷம்.

"நாளைக்குக் கோயில்ல நான் எந்திரிக்க மாட்டேன், ஐயருட்டயும் சொல்லிருதேன். இனிமே நீங்க போலாம் டீச்சர்."